கட்டத்தாளும் கணிப்பொறியும்: ஒரு பந்தய விளையாட்டின் வரலாறு

நாட்டுப் பாடல்களைப் போலவே விளையாட்டுகளுள்ளும் ஆசிரியர் பெயர் அறியப்படாதவை பல. கட்டம் போட்ட தாளிலே எழுதுகோல் கொண்டு ஆடப்பெறும் கார்ப் பந்தயம் அவற்றுள் ஒன்று. ஐரோப்பாவில் கைவழியாகப் பரவியிருந்த இவ்விளையாட்டை ஆங்கில வாசகர்களுக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் மார்ட்டின் கார்ட்னர். 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழின் 1973 ஜனவரிப் பகுதியில் அவர் இதனை விளக்கினார். அவருக்கு இதைச் சொன்னவரோ இல்லினாய்ப் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி அறிஞர் யூர்க் நீவர்கெல்ட். சுவிட்சர்லாந்துப் பயணத்தில் கற்று வந்தவர். யாத்தவர் இன்னார் எனக் கார்ட்னருக்கும் தெரியவில்லை.

விதிகள் மிகச் சில. தாளில் வளைந்து நெளிந்த ஓடுபாதை ஒன்று வரையப்படும். கோடுகள் வெட்டும் புள்ளிகளே வண்டி நிற்கும் இடங்கள். முந்தைய நகர்வில் வலப்புறம் 4 கட்டமும் மேல்நோக்கி 2 கட்டமும் சென்ற வண்டி, அடுத்த நகர்வில் வலப்புறம் 3, 4, 5 என்பவற்றுள் ஒன்றும், மேல்நோக்கி 1, 2, 3 என்பவற்றுள் ஒன்றும் செல்லலாம். ஆக, ஒன்பது வழிகள். செல்லும் கோடு பாதையின் எல்லையைக் கடத்தல் ஆகாது. இரு வண்டிகள் ஒரே புள்ளியில் நிற்றலும் ஆகாது. அவ்வளவே.

இச்சிறு விதிக்குள் இயக்கவியலின் பேருண்மை ஒன்று அடங்கியுள்ளது. நகர்வுக்கு 5 கட்டம் விரையும் வண்டி 4, 3, 2, 1 எனக் குறைத்துத்தான் நிற்க முடியும். அதற்கு 10 கட்டங்கள் வேண்டும். 10 கட்டம் விரைவதற்கோ 45 கட்டங்கள் வேண்டும். விரைவு இரு மடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்கினும் மிகுகிறது. இதனை உணராதவன் வளைவில் பாதையை விட்டு வெளியேறுவான்.

இவ்விளையாட்டைக் கணிப்பொறி நிரலாக்கப் புகுந்தோர் முதலில் எதிர்கொண்டது கணக்கின் கடினம் அன்று, விதிகளின் மௌனம். கோடு எல்லையைத் தொட்டும் தொடாமலும் செல்லுமாயின், தாளின்மேல் இருவரும் குனிந்து பார்த்து உடன்படுவர். நிரலுக்கு அந்த உடன்பாடு இல்லை. தொடுதல் குற்றமா அன்றா என முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். கையால் வரைந்த வளைவையும் சிறுசிறு நேர்கோடுகளாக உடைத்தாக வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜாக் பிரசன்ஹாம் 1962இல் வகுத்த கோடு வரையும் முறை, முழு எண்களைக் கொண்டே ஒரு கோட்டுக்கு அணுக்கமான கட்டங்களைத் தேர்ந்து கொடுக்கும். ஆயினும் அது கோடு தொடும் எல்லாக் கட்டங்களையும் தருவதில்லை. மூலைக்கு மூலை தொட்டு நிற்கும் இரு சுவர்க் கட்டங்களின் இடையே வண்டி நழுவிவிடக் கூடும். ஆகவே, கோடும் எல்லையும் வெட்டுகின்றனவா என நேரே கணித்தலே பிழையற்ற வழி.

அடுத்தது, வெல்லும் வழியைக் கணிப்பொறியே காணுமாறு செய்தல். பத்து நகர்வுகளின் வழிகளை ஒவ்வொன்றாக எண்ணப் புகின் அவை 348 கோடியைத் தாண்டும். ஆனால், எவ்வழியே வந்தாலும் ஒரே புள்ளியில் ஒரே திசைவேகத்தோடு நிற்கும் வண்டிக்கு எதிர்காலம் ஒன்றே. நீளவாக்கில் 100, அகலவாக்கில் 100 புள்ளிகளும், இரு திசைகளிலும் பத்துக்கு மேற்படாத விரைவும் கொள்ளின், நிலைகள் மொத்தம் 44,10,000 மட்டுமே. ஒரு நகர்வில் அடையும் நிலைகள், இரு நகர்வில் அடையும் நிலைகள் என அலையலையாகக் குறித்துச் சென்றால், முடிவுக் கோட்டை முதலில் தொடும் அலையே மிகக் குறைந்த நகர்வுகளைக் காட்டிவிடும். இடம் மட்டும் ஒருவன் நிலையைச் சொல்லாது; அவன் எவ்விரைவில் வந்தான் என்பதும் சேர்ந்ததே நிலை. நிரல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது.

கதை இதனோடு முடியவில்லை. பார்ட்டோ, பிராட்கே, சிங் ஆகிய மூவர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநரின் கட்டளை சில வேளைகளில் பலிக்காமல் போகுமாறு விதியை மாற்றி, பட்டறிவினால் கற்கும் நிரல்களுக்கு இவ்விளையாட்டைச் சோதனைக் களமாக்கினர். 1998இல் சட்டனும் பார்ட்டோவும் எழுதிய பாடநூலில் இது பயிற்சி வினாவாயிற்று. அவ்விருவருக்கும் 2024ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது கிட்டியது.

விடை காணப்பட்டதால் விளையாட்டு இறந்துபட்டதா? தனி வண்டியின் மிகக் குறைந்த நகர்வு இன்று மறைபொருள் அன்று. எனினும், நிரல் எழுதப்பட்டதனாலேயே தாளில் சொல்லப்படாதிருந்த உடன்பாடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. யாப்பு கற்ற நமக்கு இது புதிதன்று. இலக்கணம் எழுதப்படும்போதுதான், அதுவரை செவி மட்டுமே அறிந்திருந்த நுட்பங்கள் பெயர் பெறுகின்றன. ஆயினும் செவியின் வேலை அதனால் ஓய்ந்துவிடுவதில்லை. கட்டத்தாளில் எதிரெதிரே அமர்ந்து, ஐயக் கோடு ஒன்றை இருவர் கண்ணும் கூடி ஒப்புக்கொள்ளும் அந்த நேர்மையை எந்த நிரலும் நமக்காக ஆடித் தர இயலாது.