மச்சானோட டிரெய்லரும் பாலவாக்கத்து மணலும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி அதிகம். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், ஆனா மொக்கை இல்லைன்னு நம்பிப் படிங்க :-)

டெக்ஸாஸ்ல இருக்கற மச்சான் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். அங்க ஏரியில 'பாஸ்'னு ஒரு மீன். அதைப் பிடிக்கறதுக்குன்னே தனியா ஒரு படகு, தாழ்வா, வழுவழுன்னு, பதினெட்டு இருபது அடி நீளத்துல. ஆனா வீடியோவுல மீன் விஷயமே இல்லை. படகைக் கரையேத்தறதுதான் படம். ஏரிக்கரையில தண்ணிக்குள்ள இறங்கற மாதிரி ஒரு சிமெண்ட் சரிவு. மச்சான் வண்டியை ரிவர்ஸ்ல எடுத்து, பின்னாடி மாட்டின டிரெய்லர் பாதி முழுகற வரைக்கும் இறக்கறான். அவன் நண்பர் படகை மெதுவா ஓட்டி வந்து அது மேல ஏத்தறார். படகோட மூக்குல இருக்கற வளையத்துல கொக்கியை மாட்டி, கைப்பிடியைச் சுத்தி இறுக்கறாங்க. வண்டி மேல ஏறுது. அடியில இருக்கற அடைப்பானைக் கழட்டினதும் உள்ளே தேங்கின தண்ணி ஒழுகிப் போகுது. ரெண்டு பேர், அஞ்சு நிமிஷம், வேலை முடிஞ்சது.

கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "நம்ம ஊர்ல இதெல்லாம் எப்ப மாமா வரும்?"

எனக்கும் அதே கேள்விதான் தோணிச்சு. மறுநாள் காலைல பாலவாக்கம் பீச்சுல நடக்கற வரைக்கும்.

ஒரு பைபர் படகு கரைக்கு வந்துக்கிட்டிருந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனா அன்னிக்குத்தான் நின்னு பார்த்தேன். அலை உடையற இடத்துக்கு வெளியே படகு கொஞ்ச நேரம் காத்திருந்தது. ரெண்டு மூணு பெரிய அலையைப் போக விட்டாங்க. அப்புறம் ஒரு அலையோட முதுகைப் பிடிச்ச மாதிரி சர்ருன்னு வந்து, கரை நெருங்கினதும் இன்ஜினோட நீளத் தண்டைத் தண்ணிய விட்டு மேலே தூக்கிட்டாங்க. தண்டு முனையில இருக்கற விசிறி மண்ணுல மோதினா அவ்ளோதான். படகு மண்ணைத் தொட்ட நொடியில ரெண்டு பேர் குதிச்சுப் பிடிச்சாங்க. கொஞ்சம் அசந்து படகு அலைக்குக் குறுக்கால திரும்பிட்டா கவுந்துடும்.

"இன்னா சார் நின்னு பாத்துகினு கீற? வந்து ஒரு கை குடு"ன்னு ஒரு பெரியவர் கூப்பிட்டார். குடுத்தேன். பத்துப் பன்னெண்டு பேர். ஒரு முனையை மட்டும் தூக்கித் திருப்பறாங்க, அப்புறம் அடுத்த முனை. படகு வலது கால், இடது கால்னு வச்சு மணல் மேல நடந்து போற மாதிரி இருந்தது. அஞ்சே நிமிஷத்துல எனக்கு நாக்கு தள்ளிடுச்சு.

மூச்சு வாங்கிக்கிட்டே அவர்கிட்ட மச்சான் வீடியோவைக் காட்டினேன். பொறுமையா முழுசும் பார்த்தார். "ஏரியில அலை இல்ல, சரியா பூடும். இங்க அந்த வண்டிய எறக்கினா ரெண்டாவது அலையில சக்கரம் மண்ணுக்குள்ள போயிரும், மூணாவது அலையில வண்டியே போயிரும். எங்களுக்கு இந்த மண்ணுதான் சார் டிரெய்லரு"ன்னு சொல்லிட்டு பீடி பத்த வச்சார்.

அந்த ஒரு வரி மண்டையில உக்காந்துக்கிச்சு. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன். அதுல சேர்த்ததுதான் மீதிப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். சென்னைங்கற ஊரே படகைக் கரையேத்தற வித்தையை நம்பி உருவான ஊர். 1639-ல ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காக பிரான்சிஸ் டே இந்த இடத்தைப் பிடிச்சப்போ இங்கே துறைமுகம் கிடையாது. ஒதுங்க ஒரு வளைகுடாவும் கிடையாது. நேர்க்கோடு போட்ட மாதிரி மணல், முன்னாடி வரிசை வரிசையா உடையற அலை. துணி மலிவா கிடைக்கும்கறதுதான் பெரிய காரணம். கப்பல் தூரத்துல, திறந்த கடல்லயே நங்கூரம் போடணும். அது எவ்வளவு ஆபத்துன்னு 1746-ல தெரிஞ்சது. செப்டம்பர்ல கோட்டையைப் பிடிச்ச பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயோட கப்பல்கள்ல பலதை அக்டோபர்ல அடிச்ச ஒரே புயல் நாசம் பண்ணிடுச்சு.

கப்பல்லேர்ந்து கரைக்கு வர்ற அந்தக் கடைசி மைல் இருக்கே, அதுல ஐரோப்பியப் படகு உதவாது. ஆணி அடிச்ச கெட்டியான படகு அலையில தூக்கி மண்ணுல அடிச்சா விரிசல் விட்டுடும். நம்ம ஆளுங்க படகு வேற மாதிரி. மசூலான்னு வெள்ளைக்காரங்க எழுதி வச்ச படகு அது. பலகைகளைத் தென்னங்கயிறால தைச்சிருப்பாங்க. ஆணி இல்லை, உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டமும் இல்லை. மண்ணுல மோதினா உடையாம நெளிஞ்சு குடுக்கும். தையல் வழியா தண்ணி கசியும், இறைச்சு ஊத்திக்கிட்டே வருவாங்க. 1670-கள்ல இங்கே சுத்தின தாமஸ் பவ்ரிங்கற கப்பல்காரர் மசூலாவையும் கட்டுமரத்தையும் விவரிச்சு, படமும் வரைஞ்சு வச்சிருக்கார். கவர்னர்லேர்ந்து குமாஸ்தா வரைக்கும் எல்லாரும் அந்தத் தையல் படகுல குலுங்கி, கடைசியில யாராவது தோள்லயோ நாற்காலியிலயோ சுமந்து காஞ்ச மண்ணுல இறக்கி விட்டுத்தான் மதராஸுக்குள்ள காலை வச்சிருக்காங்க.

கட்டுமரம் இன்னும் ஒரு படி மேல. பேர்லயே இருக்கு: கட்டின மரம். அவ்வளவுதான். இலேசான மரத்தைச் செதுக்கி, பக்கத்துல பக்கத்துல வச்சுக் கயிறால கட்டினது. உள்ளே தண்ணி நிக்க இடமே இல்லாததால அலை மேல ஏறினாலும் வழிஞ்சு போயிடும், முழுகாது. 1812-ல தன் இந்தியப் பயணத்தைப் புத்தகமா போட்ட மரியா கிரஹாம், கட்டுமரக்காரர்கள் தலையில பாயால முடைஞ்ச கூம்புத் தொப்பி போட்டு, அதுக்குள்ள கடிதங்களை நனையாம வச்சுக் கப்பலுக்குக் கொண்டு போனதை எழுதியிருக்காங்க. அந்தக் காலத்து கூரியர் சர்வீஸ் :-)

ஆனா என்னை ரொம்ப யோசிக்க வச்சது கட்டுமரம் கரைக்கு வந்த பிறகு நடக்கறது. கயிறை அவுத்தா அது படகு இல்லை, தனித்தனி மரத்துண்டு. ஒவ்வொண்ணா தோள்ல தூக்கிட்டுப் போய் மேட்டுல காயப் போடுவாங்க. காயலைன்னா மரம் தண்ணி குடிச்சுக் கனத்துடும், மறுநாள் மிதப்பு குறையும். மச்சானுக்குப் படகு ஒண்ணு, அதைத் தூக்க டிரெய்லர் இன்னொண்ணு. நம்ம ஆளுங்க, கரையேத்தற வேலையையே படகுக்குள்ள வச்சுக் கட்டிட்டாங்க. சும்மா 'அந்தக் காலத்துலயே நாங்க'ன்னு மார் தட்டறதுக்காகச் சொல்லலை. ஓட்டறதுக்கு எப்படி வேணும்னு மட்டும் யோசிச்சா கட்டுமரம் வந்திருக்காது. சாயங்காலம் இதை யார் தூக்கறதுன்னும் யோசிச்ச ஆளுதான் கட்டுமரத்தைக் கட்டியிருப்பான்.

சரி, துறைமுகம் எப்ப வந்தது? 1861-ல கடலுக்குள்ள நீட்டின இரும்புப் பாலம். 1870-கள்ல ரெண்டு கை நீட்டின மாதிரி அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. 1881 நவம்பர் புயல் அதைச் சிதைச்சுப் போட்டது. 1904-ல பொறுப்பேத்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்துலதான் கிழக்கு வாசலை மூடி, வடகிழக்குல வாசல் வச்சு, துறைமுகம் உருப்படியாச்சு. நம்ம கரையில மணல் வருஷத்துல பெரும்பாலும் தெற்கேருந்து வடக்கே நகர்ந்துக்கிட்டிருக்கும். துறைமுகச் சுவர் அதை மறிச்சதும் தெற்குப் பக்கம் மணல் குவிஞ்சு மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரிச்சது. கப்பலுக்குத் துறைமுகம் கிடைச்சது. அலைக்கு நடுவுல கரையேறற மீனவனுக்கு எப்பவும் போல மணல்தான்.

அந்த மணல் யாருக்குங்கற சண்டை 1985-ல ரத்தத்துல முடிஞ்சது. மெரினாவை அழகுபடுத்தணும்னு அரசாங்கம் அங்கே கிடந்த கட்டுமரத்தையும் வலையையும் அப்புறப்படுத்த இறங்கினப்போ மீனவர்கள் எதிர்த்தாங்க. துப்பாக்கிச் சூடு நடந்து மீனவர்கள் செத்துப் போனாங்க. அப்ப நான் சின்னப் பையன். பீச்சுல சுண்டல் சாப்பிட்டதுதான் ஞாபகம் இருக்கு, இது ஞாபகமே இல்லை. அவங்க கேட்டது படகு நிறுத்த இடம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், இந்தக் கரையேத்தற வேலையைச் சுலபமாக்க உண்மையா முயற்சி பண்ணினவங்களும் உண்டு. 1979-ல ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு, சென்னையைத் தலைமையிடமா வச்சு வங்காள விரிகுடாத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சது. அதுல படகு வடிவமைப்பாளர் குல்பிரான்சன் மாதிரி ஆளுங்க, அலையில இறங்கி மணல்ல ஏறக்கூடிய படகுன்னே தனியா வடிவமைச்சுச் சோதனை பண்ணினாங்க. டீசல் இன்ஜினை ஒரு பெட்டிக்குள்ள வச்சு, கரை வரும்போது விசிறியை மேலே தூக்கிக்கற மாதிரி ஏற்பாடு. நான் அன்னிக்குப் பாலவாக்கத்துல பார்த்த அதே பிரச்சினைதான். அந்தத் தண்டு மட்டும் மேலே வரலைன்னா படகே கரைக்கு வர முடியாது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கிழமை காலை. மணல்ல நிறுத்தியிருந்த கட்டுமரம், படகு, வலை எல்லாத்தையும் சுனாமி ஒண்ணா வாரிச் சுருட்டிப் போட்டது. நிவாரணமா கரை பூரா பைபர் படகு வந்து இறங்கினது. ஏற்கனவே குறைஞ்சுக்கிட்டிருந்த மரக் கட்டுமரம் அதுக்கப்புறம் கண்ணுலயே அபூர்வமாச்சு. பைபர் வேகமா போகும், நிறைய மீன் தாங்கும். ஆனா அதை அவுத்துத் தோள்ல தூக்கிட்டுப் போக முடியாது. முழுசா இழுக்கணும். அதுக்குப் பத்துப் பன்னெண்டு கை வேணும். "இப்ப பசங்க எல்லாம் படிச்சிட்டு கம்பெனிக்குப் போறானுங்க. நல்லதுதான். ஆனா காலைல இழுக்க ஆள் இல்ல. அதான் உன்னைக் கூப்ட்டேன்"னு பெரியவர் சிரிச்சார். சில கரையில டிராக்டர் வச்சு இழுக்கறாங்க, ஒவ்வொரு தடவையும் காசு குடுத்து.

இப்ப என் கதைக்கு வரேன். சொல்ல வெக்கமா இருக்கு, ஆனாலும் சொல்லிடறேன். ஒரு வருஷம் முன்னாடி எங்க தெரு வாட்ஸப் குழுவுல ஒரு மனு சுத்தினது. பீச்சுல படகும் வலையும் நடக்கறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு, மேட்டுல அவ்வளவு மணல் சும்மாத்தானே கிடக்கு, அங்கே பெஞ்சும் நடைபாதையும் போடலாம்னு. நானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அந்த மேட்டு மணலைப் பத்தித்தான் பெரியவர்கிட்ட கடைசியா கேட்டேன். "ஐப்பசி, கார்த்திகையில வந்து பாரு சார். கடல் இந்த எடம் வரைக்கும் வந்துரும். அப்ப எல்லாப் படகையும் அங்கதான் ஏத்தணும்"னு கையைக் காட்டினார். ஆக வருஷத்துல பத்து மாசம் காலியாத் தெரியற அந்த இடம், மீதி ரெண்டு மாசத்துல ஊர்ப் படகுகளோட உசுரைப் பிடிச்சு வைக்கற இடம். தண்ணியோரத்து இடமும் அப்படித்தான். விடியக்காலம் படகு கடலுக்குப் போன நேரத்துல பார்த்தா காலி மணல்தான். காலியா இருக்குன்னா யாருக்கும் வேணாம்னு அர்த்தம் இல்லை, ஆளு வேலைக்குப் போயிருக்கான்னு அர்த்தம்.

2011-ல வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவ கிராமங்களையும் அவங்க பொதுவாப் பயன்படுத்தற இடங்களையும் வரைபடத்துல குறிக்கணும்னு சொன்னது. அதே 2011-லதான் பாலவாக்கம் சென்னை மாநகராட்சிக்குள்ள வந்தது. வரைபடம் போடறவங்க கார்த்திகை மாசத்துல ஒரு தடவை வந்து பார்த்தா நல்லா இருக்கும்.

வாட்ஸப் குழுவுல போன ஞாயித்துக்கிழமை எழுதிட்டேன்: என் பேரை அந்த மனுவுலேர்ந்து எடுத்துடுங்க, காரணம் இதுன்னு. ரெண்டு பேர் கோச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் மட்டும் தனியாக் கூப்பிட்டு, "காலைல எத்தனை மணிக்குப் படகு வரும்?"னு கேட்டார். பெரியவருக்கு இன்னும் ரெண்டு கை கிடைக்கும்.

மச்சானுக்கும் பதில் போட்டாச்சு: "டிரெய்லர் நம்ம ஊர்ல எப்பவோ வந்தாச்சுடா. அது மேலதான் நாங்க தினமும் வாக்கிங் போறோம்."

நாகப்பட்டினம், தூத்துக்குடி, கன்னியாகுமரி, யாழ்ப்பாணம் பக்கத்து நண்பர்களே, உங்க ஊர்ல படகை எப்படிக் கரையேத்தறாங்க? இழுக்கும்போது என்ன குரல் கொடுப்பாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. தப்பு இருந்தா தலையில குட்டுங்க, திருத்திக்கறேன்.