மேகத்தைக் காலி செய்ய இரண்டு வாரம்

வீட்டுக்காரர் திடீரென்று வந்து "இரண்டு வாரத்தில் காலி செய்யுங்கள்" என்றால் குடியிருப்பவர் பாடு திண்டாட்டம்தான். 2013-ல் பல நிறுவனங்களின் கணினிக் கோப்புகளுக்கு இந்த நிலைதான் வந்தது.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 2007-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் நிர்வானிக்ஸ். மேகக் கணிமை என்ற பேச்சு அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. நிறுவனங்கள் தங்கள் கோப்புகளை இணையம் வழியாக அதன் சேமிப்பகத்துக்கு அனுப்பி வாடகை கட்டின. 2011-ல் ஐபிஎம் அதனுடன் ஒப்பந்தம் செய்தது. பெரிய கம்பெனியே நம்பும்போது மற்றவர்களுக்கு என்ன பயம்?

2013 செப்டம்பர் நடுவில் அந்தச் செய்தி வந்தது. சேவை நிற்கப்போகிறது, செப்டம்பர் 30-க்குள் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்! பிறகு கெடு அக்டோபர் 15 வரை நீண்டது. இதற்கிடையில் அக்டோபர் 1 அன்று நிறுவனம் திவால் மனுவும் கொடுத்தது.

இரண்டு வாரம் போதாதா? கணக்குப் போட்டால் புரியும். நொடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள இணைப்பு, ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலும் 14 நாளில் சுமார் 150 டெராபைட்தான் நகரும். 1,000 டெராபைட் வைத்திருப்பவருக்கு 92 நாளுக்கு மேல் ஆகும். எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே வாசலில் முண்டியடித்தால் வேகம் இன்னும் குறையும்.

அளவு மட்டுமல்ல, எண்ணிக்கையும் தொல்லைதான். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகக் கேட்டு, தனியாகப் பெற வேண்டும். கேட்டுப் பெறுவதற்கு மட்டும் பத்தில் ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் சின்னக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க அதிலேயே 28 மணி நேரம் போய்விடும். அதனால்தான் பல கோப்புகளை ஒரே நேரத்தில் இழுப்பது வழக்கம். வந்து சேர்ந்தவை பழுதில்லாமல் இருக்கின்றனவா என்றும் சரிபார்க்க வேண்டும்.

வேறு சேவைகளுக்கு மாற்ற ஐபிஎம் போன்றவை உதவ முன்வந்தன. சிலருக்கு வேகமான இணைப்புகளும் தரப்பட்டன. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உள்ளே போனதை நாள்கணக்கில் வெளியே எடுக்க வேண்டியிருந்ததே சிக்கலின் வேர்.

பிறகு காலம் கொஞ்சம் மாறியது. 2015-ல் அமேசான் 50 டெராபைட் கொள்ளும் 'ஸ்நோபால்' பெட்டியைக் கொண்டுவந்தது. கோப்புகளை அதில் நிரப்பி வண்டியில் அனுப்ப முடிந்தது. கோப்புகளை வெளியே எடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் வழக்கமும் இருந்தது. முழுமையாக விலகுவோருக்கு அதை 2024 ஜனவரியில் கூகுளும் மார்ச்சில் அமேசானும் தள்ளுபடி செய்தன. வேறு சேவைக்கு மாறுவதை எளிதாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் சட்டம் வந்தாலும் கம்பியின் வேகம் கூடிவிடாது. 2013-ல் வேறோர் இடத்திலும் பிரதி வைத்திருந்தவருக்கு அந்தக் கெடு வெறும் செய்தி. மற்றவர்களுக்கோ தூக்கம் போன இரண்டு வாரம். குடிபோகும் நாளிலேயே காலி செய்யும் வழியையும் கேட்டு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.