முன்னே காணப்பட்டவர்கள்

இனம் முதலில், அரசு பிறகு என்பது நமக்குப் பழகிப்போன வரிசை. தென்னாப்பிரிக்காவுக்கும் மொஸாம்பிக்குக்கும் இடையே கிடக்கும் சிறு நாட்டின் ஸ்வாஸிகள் விஷயத்தில் இது தலைகீழ். அரசுதான் அங்கே இனத்தை உண்டாக்கியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ட்லாமினி குலத்தலைவன் மூன்றாம் ங்வானே, பொங்கோலா ஆற்றுப் பக்கம் ஷிசெல்வேனியில் நிலைகொண்டான். அவனைச் சார்ந்தவர்கள் தங்களை ங்வானேயின் மக்கள் என்றார்கள். அவன் பேரன் முதலாம் ஸோபூஸா, ண்ட்வாண்ட்வே அரசன் ஸ்விடேயின் படைக்கு ஒதுங்கி வடக்கே நகர்ந்தான். அந்த ஸ்விடேயின் மகளையே மணந்தும் கொண்டான். அவள் பெற்ற பிள்ளை இரண்டாம் ம்ஸ்வாட்டி. குலங்களைக் குறுக்கே வெட்டி, வயதுவாரியான படைப்பிரிவுகளை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது இவன் ஆட்சி. ஸூலு நாக்கில் இவன் பெயர்தான் ‘ஸ்வாஸி’ ஆயிற்று.

ஸோபூஸா போய்ச் சேர்ந்த நிலம் காலியாக இருக்கவில்லை. ஸோதோ, ங்குனி குலங்கள் ஏற்கெனவே அங்கே வாழ்ந்தன. சில பணிந்தன, சில எதிர்த்துத் தோற்றன. இவர்களுக்கு ஸ்வாஸி மொழியில் உள்ள பெயர் ‘எமகான்ட்ஸம்பிலி’: முன்னே காணப்பட்டவர்கள். அரசனோடு வந்தவர்களே ‘அசல்’ ஸ்வாஸிகள். பின்னால் தஞ்சம் புகுந்தவர்கள் ‘பிந்தி வந்தோர்’.

இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். யார் கண்டது? வந்தவன் கண்டது. பூர்வகுடியின் பழமையை ஒப்புக்கொள்கிற அதே மூச்சில், அவனை இன்னொருவன் பார்வைக்குள் வந்த பொருளாக்கிவிடுகிறது மொழி. வம்சாவளி செய்யவேண்டிய காரியத்தை இலக்கணமே செய்து முடிக்கிறது. அசல் என்பது மண்ணில் இருந்த காலத்தைப் பொறுத்ததல்ல. அரசனிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது.

பிறகு அரசர்களும் காணப்பட்டவர்களானார்கள். 1907இல் பிரிட்டிஷார் நிலத்தைப் பங்கிட்டபோது ஸ்வாஸிகளுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 1968இல் சுதந்திரம், 1973இல் இரண்டாம் ஸோபூஸா அரசியல் சாசனத்தை ரத்து செய்தார்.

1982இல் நடந்தது இன்னும் முக்கியம். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு, காங்வானே என்ற ‘தாயகப்’ பகுதியை அதன் மக்களோடு ஸ்வாஸி அரசனிடம் ஒப்படைக்க முனைந்தது. இனம் ஒன்று, மொழி ஒன்று, பெயர்கூட ங்வானேயுடையது. மறுக்க என்ன இருக்கிறது? ஆனால் காங்வானேயின் தலைவர்கள் மறுத்தார்கள். இந்தப் பூர்வ கதையை ஏற்றால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1984இல் திட்டம் கைவிடப்பட்டது. ஸ்வாஸி மொழி பேசுவோரில் பெரும்பாலோர் இன்றும் தென்னாப்பிரிக்காவில்தான்.

2018இல் மூன்றாம் ம்ஸ்வாட்டி நாட்டின் பெயரை ‘எஸ்வாட்டினி’ என்று மாற்றினார். ஸூலு உச்சரிப்பும் ஆங்கில விகுதியும் நீங்கின. உள்ளே இருக்கும் அரசனின் பெயர் நீங்கவில்லை. ‘முன்னே காணப்பட்டவர்கள்’ தங்களுக்குத் தாங்களே வைத்திருந்த குலப்பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. எதுவும் நாட்டுக்குப் பெயராகவில்லை.