கிண்ணத்தில் அடங்காத ஆமை

சிவப்புக் காது ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் ஓடும் சிவப்புப் பட்டையே அதன் அடையாளம். முட்டையை உடைத்து வெளிவரும் குஞ்சு பச்சைப்பசேலென்று 3 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை எட்டும். நல்ல பராமரிப்பில் 30 ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் உயிர் வாழும். குஞ்சைப் பார்த்து வாங்குபவரின் கண்ணில் இந்த இரண்டாம் அளவும் வயதும் படுவதே இல்லை. உலகில் மிக அதிகமாக விற்பனையான செல்ல ஆமை இதுதான் என்பதற்கும், மிக அதிகமாகக் கைவிடப்பட்டதும் இதுதான் என்பதற்கும் காரணம் ஒன்றே.

1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் சில்லறை அங்காடிகளில் இந்தக் குஞ்சுகள் பொம்மைகளோடு பொம்மையாக விற்கப்பட்டன. கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் கிடைத்தது. கிண்ணத்தின் நடுவில் சிறு மேடு, மேட்டின் மேல் பிளாஸ்டிக் தென்னை, சுற்றிலும் விரல்கடை ஆழத் தண்ணீர். தீனியாகக் கொடுக்கப்பட்டவை காய்ந்த பூச்சிகள். சில கடைகளில் ஓட்டின் மேல் பூவும் பெயரும் வண்ணத்தில் எழுதித் தந்தார்கள். அந்த வண்ணம் வளரும் ஓட்டை இறுக்கிக் கோணலாக்கியது. சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் இல்லாமல் ஓடு மெத்தென்றாகி, வைட்டமின் ஏ குறைவால் கண்கள் வீங்கி மூடிக்கொள்ள, பெரும்பாலான குஞ்சுகள் சில மாதங்களிலேயே செத்தன. ஆமை இயல்பாகவே அற்பாயுசு என்று வீட்டார் நினைத்துக்கொண்டு அடுத்ததை வாங்கினார்கள். 30 ஆண்டுப் பொறுப்பு என்ற கேள்வியே எழாமல் போனது இந்தச் சாவுகளால்தான்.

இந்தக் குஞ்சுகளில் பெரும்பகுதி லூசியானா மாநிலப் பண்ணைகளிலிருந்து வந்தது. சதுப்பு நிலங்களில் பிடித்த வளர்ந்த ஆமைகளைக் குளங்களில் விட்டு வைப்பார்கள். பெண் ஆமை கரையேறிப் பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுத் திரும்பும். ஆட்கள் முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பொரிப்பறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நிலவும் வெப்பம்தான் குஞ்சின் பாலினத்தை முடிவு செய்யும்: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பெரிதாக வளர்வது பெண். ஆனால் நாணயம் அளவுக் குஞ்சில் ஆண் பெண் பார்த்து வாங்க யாராலும் முடியாது.

இந்த வணிகத்தை முதலில் தடுத்து நிறுத்தியது ஆமையின் நலன் அன்று, பிள்ளைகளின் வயிறு. ஆமையின் குடலில் சால்மோனெல்லா கிருமி அதற்கு எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் கை வைத்த பிள்ளைக்கும், குஞ்சை வாயில் போட்டுப் பார்த்த கைக்குழந்தைக்கும் அது கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,80,000 பேருக்கு ஆமைகளால் இந்த நோய் வந்ததாக மதிப்பிடப்பட்டது. கிருமியற்றவை என்று சான்றிதழ் வாங்கி விற்கும் முறை பலன் தரவில்லை, ஏனென்றால் இன்று சோதனையில் தப்பிய ஆமை நாளை கிருமியைக் கழிக்கும். 1975இல் மத்திய உணவு, மருந்து நிர்வாகம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தடை செய்தது. 4 அங்குலம் என்பது உயிரியல் கணக்கு அன்று. பிள்ளையின் வாய்க்குள் போகாத அளவு, அவ்வளவுதான். ஆனாலும் அந்த அளவுகோல் வேறொரு வேலையும் செய்தது: அள்ளி வாங்கத் தூண்டிய நாணய அளவு அழகைக் கடைகளிலிருந்து அகற்றியது.

ஏற்றுமதிக்கு விலக்கு இருந்ததால் பண்ணைகள் மூடவில்லை. உள்நாட்டில் விற்க முடியாத குஞ்சுகள் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் பெட்டி பெட்டியாகப் போயின. 1987இல் தொடங்கிய நிஞ்சா ஆமைகள் தொலைக்காட்சித் தொடரும் 1990இல் வந்த திரைப்படமும் பிள்ளைகளிடையே ஆமை மோகத்தைக் கிளப்பிவிட்டன. 1989க்கும் 1997க்கும் இடையில் மட்டும் 5 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்புக் காது ஆமைகள் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாயின.

பராமரிப்பு முறைகள் மேம்பட மேம்பட ஆமைகள் சாகாமல் வளரத் தொடங்கின. இக்கட்டும் அங்கேதான் தொடங்கியது. ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்போர் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. முழுதாக வளர்ந்த பெண் ஆமைக்கு 400 லிட்டர் தொட்டி, ஏறிக் காய மேடை, புற ஊதாக் கதிர் விளக்கு, நாற்றத்தைச் சமாளிக்கும் வலுவான வடிகட்டி எல்லாம் தேவை. மீனைவிடப் பல மடங்கு அழுக்குச் சேர்க்கும் பிராணி அது. கொஞ்சினால் குழைவதில்லை, பயந்தால் கடிக்கும், நகத்தால் கீறும். பத்து வயதில் வாங்கிய பிள்ளை படிப்பு, வேலை, திருமணம் என்று வீடு மாறிப் போன பிறகும் தொட்டி தாய் தகப்பன் வீட்டிலேயே இருக்கும். விலங்குக் காட்சிசாலைகள் ஏற்க மறுத்தன. மிச்சமிருந்த வழி ஊர்க் குளம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ஆமைக் குளத்தில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை இப்படி வந்து சேர்ந்த சிவப்புக் காது ஆமைகள்தாம். சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசிய நாடுகளில் பௌத்தப் பண்டிகை நாட்களில் உயிர்களை விடுவிக்கும் புண்ணியச் செயலும் இவற்றைக் குளங்களில் சேர்த்தது.

புதிய குளங்களில் அவை பட்டினி கிடக்கவில்லை. பாசி, புழு, மீன், தவளைக்குஞ்சு என்று எதுவும் அவற்றுக்கு உணவு. ஐரோப்பியக் குளத்து ஆமையோடு ஒரே குளத்தில் வைத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வுகளில், வெயில் காயும் நல்ல இடங்களை வந்தேறிகளே பிடித்துக்கொண்டன. உள்ளூர் ஆமைகள் எடை குறைந்து அதிகமாக மடிந்தன. 1997 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அயல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலிலும் இந்த ஆமை இடம்பெற்றது.

இந்தியாவுக்கு இந்த வரலாறு தாமதமாக வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நட்சத்திர ஆமை முதலான உள்நாட்டு இனங்களை வளர்ப்பதைக் குற்றமாக்கியதால், வண்ணமீன் கடைகளில் அந்த இடத்தை அயல்நாட்டுக் குஞ்சு பிடித்தது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிவந்த ஊரிலேயே, கண்ணாடித் தொட்டியில் ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்ற புது நம்பிக்கையோடு அது விலைபோனது வேடிக்கைதான். சென்னை, திருச்சி விமான நிலையங்களில் மலேசியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்த பயணிகளின் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் சுங்கத்துறையிடம் சிக்கியிருக்கின்றன. 2018இல் கேரளத்தின் திருச்சூர் அருகே காளத்தோட்டில் ஒரு கால்வாயில் இந்த ஆமை பிடிபட்டது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைச் சேகரிக்கத் தொடங்கியது. அசாமில் கவுகாத்தியின் நீர்நிலைகளிலும் இவை காணப்பட்டன.

ஜப்பானின் அனுபவம்தான் எல்லாவற்றிலும் பெரிது. திருவிழாக் கடைகளில் பச்சை ஆமைக்குஞ்சு என்று பல பத்தாண்டுகள் விற்ற அந்த நாட்டில், ஏறத்தாழ 80 லட்சம் ஆமைகள் வெளியில் திரிவதாக 2016இல் அரசு மதிப்பிட்டது. வளர்ப்பதையே தடை செய்தால் மக்கள் பயந்து, வைத்திருப்பதையும் ஆற்றில் விட்டுவிடுவார்கள் என்ற கவலையால் சட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. 2023 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதி நடுவழியைப் பிடித்தது. விற்பதும் இறக்குமதி செய்வதும் வெளியில் விடுவதும் குற்றம். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை அனுமதி இல்லாமலே கடைசிவரை வளர்க்கலாம். முடியாதபோது காசு வாங்காமல் இன்னொருவரிடம் கொடுக்கலாம்.