கார் ஏற்றத்தில் இழுக்கவில்லையா? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

'செக் எஞ்சின்' விளக்கு எரிகிறது என்று காரைப் பட்டறைக்குக் கொண்டு போனால், "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது" என்ற பதில் பலருக்கும் கிடைக்கிறது. அசல் பாகம் வாங்கினால் பல கார்களுக்கு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். "வேண்டாமென்றால் வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துவிடலாம்" என்ற யோசனையும் கூடவே வரும். இரண்டில் எதற்கும் சம்மதிக்கும் முன், அது ஏன் கெட்டது என்று கேட்பது அவசியம். கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. எஞ்சினில் இருக்கும் வேறொரு கோளாறுதான் அதைக் கெடுக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் பாழாகும்.

இதன் வேலை என்ன?

எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே எக்ஸோஸ் குழாயில் இருக்கும் உலோகக் கூடுதான் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடேறிய பின், நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் இது மாற்றும். நைட்ரஜன் ஆக்சைடுகளையும் குறைக்கும்.

அறிகுறிகள்

• ஏற்றத்தில் கார் இழுக்காது. எண்ணெயை அழுத்தினாலும் வேகம் கூடாது. உள்ளே அடைப்பு இருக்கலாம்.
• காரின் அடியில் கலகலவென்று சத்தம் வரும். பீங்கான் கட்டி உடைந்திருக்கலாம்.
• எக்ஸோஸில் அழுகிய முட்டை நாற்றம் வீசும்.
• கால் வைக்கும் தரை வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும்.
• பெட்ரோல் செலவு கூடும். அடைப்பு முற்றினால் எஞ்சின் நின்றுவிடும்.

'செக் எஞ்சின்' விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அலட்சியம் வேண்டாம். எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அது கன்வெர்ட்டரைச் சேதப்படுத்துகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்திவிடுங்கள்.

பி0420 என்றால் மாற்றியே ஆக வேண்டுமா?

ஸ்கேனர் கருவி பி0420 என்று காட்டினால், கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்திருப்பதாகக் கார் கணினி கருதுகிறது என்று பொருள். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களை ஒப்பிட்டே கணினி இந்த முடிவுக்கு வருகிறது. எக்ஸோஸ் குழாயில் ஓட்டை இருந்தாலோ, பின்புற சென்சார் பழுதாகியிருந்தாலோ இதே குறியீடு வரலாம். கூடவே பி0300 முதல் பி0304 வரையிலான குறியீடு ஏதேனும் வந்தால், எரிதல் கோளாறைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பின்புற சென்சாரின் அளவு அதிகம் ஆடாமல் நிலையாக இருந்தால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன்புற சென்சாரைப் போலவே வேகமாக ஏறி இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடைப்பைக் கண்டுபிடிக்க, முன்புற சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடும்போது அழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால், எக்ஸோஸ் பாதையில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கன்வெர்ட்டர் நன்றாக ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால், உள்ளே உடைந்திருப்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கெடுவது எதனால்?

தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான இக்னிஷன் காயில் ஆகியவை முக்கியக் காரணங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும்போது, கடும் வெப்பத்தில் பீங்கான் கட்டி உருகிப்போகும். எஞ்சின் ஆயிலைக் குடிக்கும் பழைய கார்களில், எரிந்த ஆயிலின் சாம்பல் பூச்சின் மேல் படியும். ஹெட் கேஸ்கெட் கசிந்து ரேடியேட்டர் நீர் எக்ஸோஸில் கலந்தாலும் பூச்சு பாழாகும்.

பேட்டரி இறங்கினால் காரை மீண்டும் மீண்டும் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் எரியாத பெட்ரோலை உள்ளே அனுப்பும். சூடான கன்வெர்ட்டர் வெள்ள நீரில் திடீரென மூழ்கினால் பீங்கான் விரிசல் காணலாம். தோட்டப்புறத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நீண்ட தூரம் ஓட்டிய காரைக் காய்ந்த லாலான் புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். கன்வெர்ட்டரின் சூட்டில் புல் தீப்பற்றக்கூடும்.

வெட்டி எடுத்தால் என்ன?

கார் ஓடும். ஆனால் கார்பன் மோனாக்சைடு குறையாமல் அப்படியே வெளியேறும். வெட்டி ஒட்டிய இடத்தில் கசிவு இருந்தால், நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு காருக்குள்ளும் புகலாம். எந்தக் காராக இருந்தாலும், எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்குவது ஆபத்து. நம் நாட்டில் பெட்ரோல் எஞ்சின் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் 1996ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்டன என்பதையும் மறக்கக்கூடாது.

கழற்றிய பழைய கன்வெர்ட்டர் குப்பையும் அல்ல. உள்ளே உள்ள உலோகங்களுக்காக அதை விலை கொடுத்து வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். "பழசை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், கூலி வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அந்த இலவசத்தின் விலையை யோசித்துப் பாருங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

1. ஸ்கேனரில் வந்த எல்லாக் குறியீடுகளையும் எழுதித் தர முடியுமா?
2. பிளக், காயில், எக்ஸோஸ் கசிவு, சென்சார்கள் ஆகியவற்றைச் சோதித்தீர்களா?
3. பழைய கன்வெர்ட்டர் எதனால் கெட்டது? அந்தக் காரணம் சரிசெய்யப்பட்டதா?
4. புதிய பாகம் அசலா, மாற்றுத் தயாரிப்பா? உத்தரவாதம் எத்தனை மாதம்?
5. கழற்றிய பழைய பாகத்தை என்னிடமே தருவீர்களா?

இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், பணம் கட்டும் முன் இன்னொரு பட்டறையில் காரைக் காட்டிவிடுங்கள்.