ஜப்பானிய மங்கா, அனிமேயில் திகிலும் இருட்கற்பனையும்

ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவிலும் அசைபடமான அனிமேயிலும் பேய், சாபம், உடற்சிதைவு, உலக அழிவு ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட படைப்புகள் ஒரு தனி மரபாக வளர்ந்துள்ளன. அச்சமூட்டுவதையே முதல் நோக்கமாகக் கொண்டவை திகில் கதைகள். வாளும் மந்திரமும் அரக்கரும் உள்ள கற்பனை உலகில், நல்லவர் வெல்வார் என்ற உறுதி எதுவுமின்றி நகர்பவை இருட்கற்பனைக் கதைகள். இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. ஒரே படைப்பாளர் இரண்டிலும் புழங்குவது வழக்கம். இம்மரபு கௌரவமான இடங்களில் பிறக்கவில்லை. மிட்டாய் விற்பவரின் மரப்பெட்டி, வாடகை நூல்கடை, சிறுமியர் இதழ், வீடியோ கடை, சொந்தச் செலவில் செய்து விற்ற கணினி விளையாட்டு என யாரும் கண்காணிக்காத மூலைகளில்தான் அதன் பெரும்பாலான திருப்பங்கள் நேர்ந்தன.

எடோ காலமும் காகித நாடகமும்

எடோ காலத்தில் (1603–1868) நூறு விளக்குகளை ஏற்றி வைத்து, ஒரு பேய்க்கதை முடிந்ததும் ஒரு விளக்கை அணைக்கும் பொழுதுபோக்கு பரவியிருந்தது. நூறாவது விளக்கும் அணைந்தால் உண்மையிலேயே ஏதோ ஒன்று வரும் என்பது நம்பிக்கை. 1776இல் தோரியாமா செகியென் ‘யோகாய்’ எனப்படும் பூதகணங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்து, பெயரிட்டு அச்சிட்டார். அதே ஆண்டில் உவேதா அகினாரியின் ‘உகெத்சு மோனோகதாரி’ வெளியானது. பின்னாளைய மங்காவின் பூதங்களில் பல செகியெனின் பக்கங்களிலிருந்து எழுந்து வந்தவை.

1825இல் கபுகி மேடையேறிய ‘யோத்சுயா பேய்க்கதை’யின் பாதிப்பு இன்னும் ஆழமானது. நான்காம் சுருயா நான்போகு எழுதிய இந்நாடகத்தில், மருந்து என்று நம்பி நஞ்சைக் குடித்த ஓஇவா என்ற பெண்ணின் முகம் சிதைகிறது. கண்ணாடி முன் அமர்ந்து அவள் தலை வாருகிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. வீங்கித் தொங்கும் கண், நெற்றியில் வழியும் கூந்தல், தன்னை ஏமாற்றிய கணவனை விடாத வஞ்சம்: ஜப்பானியப் பெண் பேயின் உருவம் இந்த மேடையில்தான் நிலைபெற்றது.

1930களில் ‘கமிஷிபாய்’ என்ற காகித நாடகம் தெருக்களை நிறைத்தது. மிதிவண்டியின் பின்னால் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருபவர் குழந்தைகளுக்கு மிட்டாய் விற்பார். பிறகு பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வார். அந்தப் பத்தாண்டில் பெரும் வரவேற்புப் பெற்றது ‘கல்லறைக் கிதாரோ’. இறந்துபோன தாய் கல்லறையில் பெற்ற குழந்தைக்காக இரவில் மிட்டாய் வாங்க வரும் நாட்டார் கதையே அதன் வேர். மிட்டாய்க்காரர் மிட்டாய் விற்றபடி சொன்ன கதை அது என்பதால், அதைக் கேட்ட குழந்தைகளின் நடுக்கத்தை நம்மால் ஊகிக்க முடிகிறது.

மிசுகி ஷிகேரு

1953இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய பின் காகித நாடகம் நலிந்தது. அதன் ஓவியர்கள் வாடகைக்கு விடும் மங்கா நூல்களுக்கு நகர்ந்தனர். அவர்களில் ஒருவர் மிசுகி ஷிகேரு (1922–2015). தொத்தோரி மாநிலத்தின் துறைமுக ஊரான சகாயமினாத்தோவில் வளர்ந்தவர். வீட்டுக்கு வந்துபோன ‘நோன்நோன்பா’ என்ற மூதாட்டி சொன்ன பூதக்கதைகள்தான் அவருடைய முதல் பள்ளி. இரண்டாம் உலகப் போரில் நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டு, குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். எஞ்சிய வலக்கையால் வாழ்நாள் முழுதும் வரைந்தார்.

மிசுகி, காகித நாடகக் கிதாரோவை 1960இல் வாடகை நூல்களில் புதிதாக உருவாக்கினார். கல்லறையைப் பிளந்து வெளிவரும் ஒற்றைக்கண் சிறுவன். அவனைப் பிரிய மனமின்றி, அழுகிய உடலிலிருந்து உருண்டு விழுந்து கைகால் முளைத்து நிற்கும் தகப்பனின் கண்விழி. இந்த முதல் கிதாரோ அருவருப்பும் ஏழ்மையின் வாடையும் நிறைந்தவன். 1965இல் ‘ஷோனென் மகசின்’ வார இதழுக்கு வந்தபின் மனிதருக்கும் பூதங்களுக்கும் நடுவே நின்று நியாயம் பேசுபவனாக மாறினான். தலைப்பிலிருந்த ‘கல்லறை’ விளம்பரதாரர்களுக்குப் பிடிக்காததால் ‘கெகெகெ நோ கிதாரோ’ எனப் பெயர் மாறி, 1968 ஜனவரியில் தோயேய் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடரானான். மிசுகியின் பூதங்கள் கொல்ல வருபவை அல்ல, இடம் பறிபோனவை. போரில் தோழர்களைப் பறிகொடுத்த ஒருவர் மனிதரைவிடப் பூதங்களிடம் பரிவு காட்டியதில் வியப்பில்லை. சகாயமினாத்தோவின் ஒரு தெரு முழுக்க இன்று அவருடைய பூதங்களின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன.

டெசுகா ஒசாமுவின் ‘தொரோரோ’வும் (1967) இக்காலத்தது. ஆட்சிக்கு ஆசைப்பட்ட தந்தை, பிறக்கப்போகும் மகனின் 48 உடலுறுப்புகளை 48 அரக்கர்களுக்குக் காணிக்கையாக்குகிறான். வளர்ந்த மகன் ஒவ்வோர் அரக்கனாகக் கொன்று உறுப்புகளை மீட்கிறான். கதை அன்று பாதியில் நின்றது. ஆனால் பின்வந்த இருட்கற்பனை நாயகர்கள் பலர் இவனுடைய வாரிசுகளே.

உமேசு கசுவோ: வீட்டுக்குள் வந்த அச்சம்

திகில் மங்காவுக்கு இலக்கணம் வகுத்தவர் யார் என்று கேட்டால் உமேசு கசுவோ (1936–2024) என்பதே விடை. 1965இல் ‘ஷோஜோ ஃப்ரெண்ட்’ என்ற சிறுமியர் வார இதழில் அவர் எழுதிய பாம்புப்பெண் கதையில், மருத்துவமனையிலிருக்கும் தாயைச் சிறைவைத்துவிட்டு அவளைப்போலவே தோன்றும் ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள். மகளுக்கு மட்டும் உண்மை தெரிகிறது. தந்தை நம்புவதில்லை. நாரா மலைப்பகுதியின் பாம்புப்பெண் கதையைச் சிறுவயதில் தந்தை சொல்லக் கேட்டவர் உமேசு. ஆனால் பாம்பை மலையிலிருந்து எடுத்துச் சமையலறையில் நிறுத்தியது அவருடைய சொந்தத் துணிவு. அன்பே உருவான தாயும் அச்சத்துக்கு உரியவள் ஆகலாம் என்று சிறுமியர் இதழில் சொல்லும் துணிச்சல் அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அச்சமூட்டும் முறையையும் அவர் கட்டமைத்தார். ஜப்பானிய நூலை வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். இடப்பக்கத்தின் கீழ்மூலைக் கட்டம் தாள் புரட்டுவதற்கு முன் கண் நிற்கும் கடைசி இடம். உமேசு அந்த இடத்தில் கதவின் கைப்பிடியையோ, திரும்பத் தொடங்கும் ஒரு தலையையோ, விரியும் ஒரு கண்ணையோ வைப்பார். அதற்கு முன்பே ஐந்தாறு கட்டங்கள் ஏறக்குறைய ஒரே காட்சியை மெல்ல மெல்ல நெருங்கி வந்திருக்கும். தாளைப் புரட்டினால் முழுப்பக்கமும் பிளந்த வாய். பார்க்க வேண்டாம் என்று மனம் சொல்லும்போதே புரட்டுவது நம் கை. திரைப்படத்தில் இயக்குநர் நம்மைப் பயமுறுத்துகிறார். இங்கே வாசகரே தம்மைப் பயமுறுத்திக்கொள்ளும்படி ஆகிறது. இந்த நுட்பத்தை எந்த அனிமேயும் முழுமையாக ஈடுசெய்ததில்லை.

1972 முதல் 1974 வரை வெளிவந்த அவருடைய ‘மிதந்து செல்லும் வகுப்பறை’ தொடரில், ஒரு தொடக்கப்பள்ளி மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் பாழடைந்த எதிர்காலத்துக்குத் தூக்கி எறியப்படுகிறது. முதலில் மனம் உடைபவர்கள் பெரியவர்களே; குழந்தைகள்தான் அரசமைத்து, பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் எதிர்கொள்கிறார்கள். சுற்றுச்சூழல் மாசு நாட்டை உலுக்கிய அந்த ஆண்டுகளில் இதைவிட நேரான குற்றச்சாட்டைப் பெரியவர்கள்மீது எந்தச் சிறுவர் இதழும் வைக்கவில்லை.

‘டெவில்மேன்’ உடைத்த எல்லை

1972இல் நாகாய் கோவின் ‘டெவில்மேன்’ தொலைக்காட்சியிலும் வார இதழிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கியது. தொலைக்காட்சிப் பதிப்பு வழக்கமான சாகசத் தொடர். மங்காவோ வேறு திசையில் போனது. அரக்கனோடு உடலைப் பகிர்ந்துகொண்ட ஃபுதோ அகிரா மனிதரைக் காக்கப் போராடுகிறான். அரக்கர்கள் மனிதரிடையே ஒளிந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகித்து மனிதரே மனிதரைக் கொல்லத் தொடங்குகிறார்கள். அகிரா நேசித்த மிகியைக் கொல்வதும் அரக்கர்கள் இல்லை, திரண்டு வந்த ஊர்மக்கள். காப்பதற்கு எவரும் மிஞ்சாத உலகில் கதை முடிகிறது. சிறுவர் இதழ் ஒன்றில் இப்படியொரு முடிவு அச்சேறியதே பெரிய செய்தி. போருக்கு எதிரான கதையாகவே நாகாய் இதைக் கருதினார். யுவாசா மசாகி 2018இல் இயக்கிய ‘டெவில்மேன் கிரைபேபி’ அந்த முடிவைக் குறைக்காமல் திரைக்குக் கொண்டுவந்தது.

வீடியோ நாடாவும் சிறுமியர் இதழும்

1983இல் தொடங்கிய நேரடி வீடியோ வெளியீடு, தொலைக்காட்சிக் கட்டுப்பாட்டிலிருந்து அனிமேயை விடுவித்தது. கிகுச்சி ஹிதேயுகியின் நாவலிலிருந்து உருவான ‘வேம்பயர் ஹன்டர் டி’ (1985) அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வெறும் குரூரத்தை விற்ற படங்களும் ஏராளம். அவற்றை இங்கே பட்டியலிடத் தேவையில்லை. 1989இல் சிறுமியரைக் கொன்ற ஒருவன் பிடிபட்டு, அவன் வீட்டில் ஆயிரக்கணக்கான வீடியோ நாடாக்கள் கிடைத்தபோது, திகில் ரசிகர்கள் எல்லோரையும் ஐயத்தோடு பார்க்கும் நிலை உருவானது. அது நியாயமற்ற பழி.

இதே பத்தாண்டில் சிறுமியரை முதன்மை வாசகராகக் கொண்ட திகில் இதழ்கள் பெருகின. அவற்றில் ஒன்றான ‘ஹலோவீன்’ மாத இதழ், உமேசு பெயரில் போட்டி நடத்தியது. கிஃபு மாநிலத்தைச் சேர்ந்த பல் தொழில்நுட்பர் ஒருவர் அதற்கு அனுப்பிய ‘தோமியே’ 1987இல் வெளியானது. கொலையுண்ட மாணவி ஒன்றும் நடக்காததுபோல் வகுப்பறைக்குள் நுழைகிறாள். அந்தத் தொழில்நுட்பர்தான் இட்டோ ஜுன்ஜி.

1998–1999இல் வந்த அவருடைய ‘உசுமாகி’ சுருள் வடிவத்தால் பீடிக்கப்பட்ட ஒரு கடலோர ஊரின் கதை. பேயில்லை, கொலையாளியில்லை, ஒரு வடிவம் மட்டுமே. நத்தை ஓட்டிலும் ஓடைச் சுழலிலும் சுருள் தேடும் ஒருவர், இறுதியில் தம் உடலையே வட்ட மரத்தொட்டிக்குள் சுருட்டிக்கொண்டு சாகிறார். ஆயிரக்கணக்கான மெல்லிய மைக்கோடுகளால் இட்டோ சதைக்கும் மரத்துக்கும் மேகத்துக்கும் ஒரே பொறுமையான இழைத்தன்மையைத் தருகிறார். வரைந்த கையின் நிதானமே அக்காட்சிகளை நம்ப வைக்கிறது.

‘பெர்செர்க்’

மியூரா கென்டாரோ 1989இல் தொடங்கிய ‘பெர்செர்க்’ இருட்கற்பனையின் உச்சம். இடைக்கால ஐரோப்பாவை ஒத்த உலகில், தன் உயரத்துக்கு மேலான வாளைச் சுமந்து திரியும் கட்ஸ், தன் படைத்தலைவனும் நண்பனுமான கிரிஃபித்தால் காட்டிக்கொடுக்கப்படுகிறான். தன் கனவுக்காகக் கிரிஃபித், தன்னை நம்பிய படை முழுவதையும் அரக்கர்களுக்குப் பலியிடும் ‘கிரகணம்’ என்ற பகுதி, மங்கா வரலாற்றிலேயே படிக்கக் கடினமான பக்கங்களில் ஒன்று. அதன் வலிமை குருதியில் இல்லை. அதற்கு முன் பல தொகுதிகளில் அந்தப் படைவீரர்களின் நட்பையும் சிரிப்பையும் மியூரா பொறுமையாக வளர்த்திருந்தார். இழப்பு நமக்கும் இழப்பாவது அதனால்தான். இந்த உழைப்பைக் கவனிக்காமல் வன்முறையை மட்டும் எடுத்துக்கொண்ட நகல்கள் நிலைக்கவில்லை. ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டின் வாள்களிலும் கவசங்களிலும் அவருடைய கைத்தடம் தெரிகிறது.

மியூரா 2021 மே 6 அன்று, 54ஆம் வயதில், பெருந்தமனி கிழிவால் இறந்தார். முடிவுவரை கதையை அவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது இளமைக்கால நண்பர் மோரி கோஜியிடம். அந்த நினைவைக் கொண்டு, மோரியின் மேற்பார்வையில் மியூராவின் உதவியாளர்கள் 2022 ஜூனில் தொடரை மீண்டும் தொடங்கினர்.

திரையில் திகில்

தாள் புரட்டும் வசதி இல்லாத அனிமே தனக்கான வழிகளைத் தேட வேண்டியிருந்தது. கோன் சத்தோஷியின் ‘பெர்ஃபெக்ட் புளூ’ (1997), பாடகியாக இருந்து நடிகையாக மாறும் மிமாவின் நனவையும் படப்பிடிப்பையும் கனவையும் வெட்டு வெட்டாக இணைத்துப் பார்ப்பவரின் நிதானத்தைக் குலைத்தது. நகாமுரா கென்ஜியின் ‘மோனோனோகே’ (2007) எதிர்வழியில் போனது. பழைய மரச்செதுக்கு ஓவியங்களின் பளிச்சிடும் வண்ணங்களால் திரையை நிரப்பியது. அதில் வரும் மருந்து விற்பவர், பேயின் வடிவத்தையும் நடந்ததன் உண்மையையும் அதன் மனக்காரணத்தையும் அறிந்த பிறகே வாளை உருவ முடியும். ஓஇவாவின் வஞ்சத்தைக் கேட்டறியும் விசாரணைபோல் அது நகர்கிறது. 2002இல் ரசிகர் சந்தையில் விற்கப்பட்ட கணினி விளையாட்டாகத் தொடங்கிய திகில் கதை ‘ஹிகுராஷி’ 2006இல் தொலைக்காட்சிக்கு வந்தது.

2009இல் இசயாமா ஹஜிமே தொடங்கிய ‘அட்டாக் ஆன் டைட்டன்’ திகிலைப் பெருவாசகரிடம் கொண்டு சேர்த்தது. மனிதரைத் தின்னும் பூதவுருவங்களிடமிருந்து மதில்களுக்குள் ஒளிந்து வாழும் மக்கள், 2021இல் கதை முடியும்போது, தாமே பேரழிவு செய்பவர்களாகவும் நிற்கிறார்கள். உண்மையான அரக்கர் யார் என்ற நாகாயின் கேள்வி மீண்டும் எழுப்பப்பட்டது. கொதோகே கொயோஹாருவின் ‘டீமன் ஸ்லேயர்’ மங்காவிலிருந்து வந்த திரைப்படம் 2020இல் ஜப்பானின் வசூல் வரலாற்றில் முதலிடம் பிடித்தது. குடும்பம் கொலையுண்ட வீட்டில் தொடங்கும் கதையைக் காணக் குடும்பங்களே திரண்டன.

‘உசுமாகி’யின் கறுப்பு வெள்ளை அனிமே 2024இல் நான்கு பகுதிகளாக வெளிவந்தது. இட்டோவின் கோடுகளை அப்படியே அசைக்க முயன்ற முதல் பகுதி பெரிதும் பாராட்டப்பட்டது. அடுத்த பகுதிகளில் அந்தத் தரம் நிலைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் உமேசு காலமானார். மொகுமொகுரென் 2021இல் இணைய இதழில் தொடங்கிய ‘ஹிகாரு இறந்த கோடை’, இறந்த நண்பனின் உருவில் வந்திருப்பது அவன் அல்ல என்று தெரிந்தும் அதை விட முடியாத ஒரு சிறுவனின் கதை. 2025இல் அது அனிமேயானது. அறுபது ஆண்டுகளுக்கு முன் உமேசுவின் சிறுமி வீட்டுக்கு வந்தவளைக் கண்டு ஓடினாள். இந்தச் சிறுவன் ஓடவில்லை.