கட்டிலருகே பேசியதை எழுதிக் காட்டியவர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாக வாசியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளோடு பேசி, ஜெபித்து, ஆறுதல் சொல்லும் பணியில் பல வருஷமாக இருக்கிறாள். "டீச்சர், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் அன்றைக்கு ஏதோ சொல்லிவிட்டேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை, தூக்கம் வரமாட்டேன் என்கிறது. யாரிடம் கேட்பது? மேலே சொன்னால் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்பார்கள்" என்றாள்.

நான் மனோதத்துவம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது வரலாறு. அதைத்தான் அவளுக்குச் சொன்னேன்.

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்று ஒரு போதகர், 1876-இல் பிறந்தவர். 1920 அக்டோபரில் அவருக்கு மனநிலை கடுமையாகப் பிறழ்ந்தது. உலகமே அழியப்போகிறது என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய பதினைந்து மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தார். அங்கே வந்துபோன போதகர்களுக்கு நோயாளிகளின் உள்ளத்தில் நடப்பது எதுவும் புரியவில்லை என்பதைப் படுக்கையில் கிடந்தபடியே பார்த்தார்.

குணமானவர் வேறு வேலை தேடவில்லை. 1924-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே வரவழைத்தார். முதல் குழு மிகச் சிறியது. பகலில் வார்டு உதவியாளர் வேலை, பிறகு பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, கூடி உட்கார்ந்து பேசுவது. நோயாளி ஒவ்வொருவரும் ஓர் உயிருள்ள ஆவணம், நூல்களை வாசிக்கும் அதே கவனத்தோடு அவரையும் வாசிக்க வேண்டும் என்பது பாய்சனின் கொள்கை.

அவருக்குத் துணைநின்றவர் டாக்டர் ரிச்சர்ட் கேபட். டாக்டரின் கணிப்பைப் பிரேதப் பரிசோதனை முடிவோடு எல்லார் முன்னிலையிலும் ஒத்துப்பார்க்கும் வழக்கத்தை மருத்துவக் கல்வியில் ஊன்றியவர். டாக்டர் தப்பு செய்தால் அது வெளியே தெரியும், போதகர் தப்பு செய்தால்? போதகர்களுக்கும் மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி வேண்டும் என்று 1925-இல் எழுதினார் கேபட்.

1933-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு ரஸ்ஸல் டிக்ஸ் சாப்ளினாக வந்தார். நோயாளியிடம் பேசிவிட்டு வந்ததும் இருவர் சொன்னதையும் நினைவிலிருந்து வரிவரியாக எழுதிவைப்பது அவர் வழக்கம். இந்த எழுத்துதான் பின்னால் பயிற்சியின் முதுகெலும்பானது. நானாக ஓர் உதாரணம் சொல்கிறேன். நோயாளி: "பயமாக இருக்கிறது ஐயா." போதகர்: "பயப்படாதீர்கள், ஆண்டவர் இருக்கிறார்." எழுதும்போது இதில் குறையே தெரியாது. மேற்பார்வையாளர் அந்த வரியில் விரலை வைத்து, "அவர் பயத்தைப் பற்றிப் பேச வந்தார், நீங்கள் ஏன் உடனே கதவைச் சாத்தினீர்கள்? அந்த நிமிஷம் பயந்தது யார்?" என்று கேட்பார். போதகருக்கு அப்போதுதான் தன் அப்பா இறந்த நாள் நினைவுக்கு வரலாம்.

மேற்பார்வை என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கேட்டவுடன் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் அதிகாரியும், அவசர அவசரமாக முடித்த பாடக்குறிப்பு ஏடும்தான் ஞாபகம் வரும். ஆனால் பி.எட். பயிற்சியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அந்தப் பையன் கேட்ட கேள்வி உன் காதில் விழவே இல்லையே" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன அம்மாவையும் எனக்குத் தெரியும். இது அந்த ரகம்.

கதையில் வருத்தமான பகுதி ஒன்று உண்டு. 1930-இல் இந்தப் பயிற்சிக்கென்று பாஸ்டனில் ஒரு மன்றம் அமைந்தது. அதே ஆண்டு பாய்சனின் தாய் இறந்தார், அவருக்கு நோய் திரும்பியது. கேபட் அவரைக் கைவிட்டார். இனி இவர் பயிற்சி நடத்தக் கூடாது என்றார். இத்தனைக்கும் தன் தடுமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னதிலிருந்துதான் பாய்சனின் பணியே தொடங்கியது. என் மாணவியின் பயம் புதிதல்ல, முதல் தலைமுறையிலேயே இருந்திருக்கிறது. பாய்சன் 1932-இல் இல்லினாய் மாநிலத்து எல்ஜின் மருத்துவமனைக்குப் போய், அங்கேயே சாப்ளினாக இருந்து, 1965-இல் காலமானார்.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் ஃபிராங்க் லேக், தாய்நாடு திரும்பி, மனநல மருத்துவராகி, 1958 முதல் போதகர்களுக்கு இதே போன்ற பயிற்சி வகுப்புகள் நடத்தினார்.

இன்று பிரிட்டனில் ஆலோசகர் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமென்றால் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வையாளரோடு உட்கார வேண்டும். அவர் சம்பளம் போடுபவராகவோ, இடமாற்றம் செய்பவராகவோ இல்லாமலிருப்பது நல்லது என்பார்கள். நோயாளியின் பெயரையும் அங்கே சொல்வதில்லை.

இதெல்லாம் கேட்டுவிட்டு அவள், "சரி டீச்சர், எனக்கு யார்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் மாணவர்களில் போதகர்களும் ஆலோசகர்களும் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். மேற்பார்வைப் பயிற்சி பெற்றவர், அவளுடைய மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாதவர் யாரையாவது தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். கமெண்டில் வேண்டாம். அதுவரை அந்தத் தாயிடம் பேசியதை வரிவரியாக ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.